மாமாவுக்கு அனுப்பிய படங்கள்

எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் பாவாடை எவ்வளவு அகலமாக இருக்கலாம்? கைகளை இயல்பாகத் தொங்கவிட முடியாமல், இரண்டையும் பாவாடையின் மேலேயே விரித்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு அகலமாக இருக்கலாமா? 1659ஆம் ஆண்டில் ஸ்பானிய ஓவியர் தியெகோ வெலாஸ்கெஸ் தீட்டிய ஓவியம் ஒன்றில் அப்படித்தான் இருக்கிறது. நீலப் பட்டு, அதன்மேல் மின்னும் வெள்ளிச் சரிகைப் பட்டைகள், மார்பின் குறுக்கே பொற்சங்கிலி, குளிருக்குக் கைகளை நுழைத்துக்கொள்ளும் பெரியதொரு பழுப்பு நிற உரோம உறை. இத்தனைக்கும் மேலே ஒரு சின்னஞ்சிறு வெளுத்த முகம். அந்த முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. ‘நேராக நில்’ என்று யாரோ சொன்னதால் நிற்கும் முகம் அது.

அவள் பெயர் மார்கரீத்தா தெரெசா. ஸ்பெயின் அரசர் நான்காம் பிலிப்பின் மகள். 1651ஆம் ஆண்டு ஜூலை 12ஆம் நாள் மாட்ரிட் நகரில் பிறந்தாள். 1673ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் வியன்னாவில் இறந்தாள். இருபத்தொரு வயதும் எட்டு மாதமும் வாழ்ந்திருக்கிறாள். இதை எழுதும் எனக்கு இருபத்திரண்டு வயது. இந்த ஓவியத்தைப் பற்றி நான் எழுத முனைந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

விருப்பப் பாடமாக நான் எடுத்த கலை வரலாற்று வகுப்பில்தான் இவளை முதன்முதலில் வெண்திரையில் பார்த்தேன். விரிவுரையாளர் ஒளியைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் மலாயில் விளக்கிக்கொண்டு வந்தார். இடையில், “இவளை மணக்கவிருந்தவரின் குடும்பத்துக்கு அனுப்புவதற்காக வரையப்பட்ட படம் இது” என்றார். அந்த ஒரு வரி என் மனத்தில் உடனே தமிழாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய பெண் படம்! அதன் பிறகு அந்த ஓவியத்தை வெறும் ஓவியமாகப் பார்க்க என்னால் முடியவில்லை.

பட்டும் கூடும்

பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் செழித்த கலைப்பாணியைப் ‘பரோக்’ என்கிறோம். ஒழுங்கற்ற வடிவமுள்ள முத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததாகக் கூறுவர். இருளிலிருந்து ஒளிக்கு முகங்களை இழுத்து வருவதும், பட்டையும் பொன்னையும் தொட்டுப் பார்க்கத் தூண்டும்படி தீட்டுவதும், பார்ப்பவரை மலைக்க வைப்பதும் அதன் இயல்புகள். தங்கள் பெருமையைப் பறைசாற்ற விரும்பிய அரசர்களுக்கு அத்தகைய கலை மிகவும் தேவைப்பட்டது.

நான்காம் பிலிப்புக்கு அது மற்றவர்களைவிட அதிகமாகவே தேவைப்பட்டது எனலாம். அவர் பெயர் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. 1580 முதல் 1640 வரை போர்த்துகல் நாடு ஸ்பானிய அரசர்களின் கீழ் இருந்தது. 1621இல் அரியணை ஏறிய பிலிப், 1640 வரை போர்த்துகலுக்கும் அரசர். ஆகவே, அப்போது போர்த்துகீசியர் கையில் இருந்த நம் மலாக்காவும் அவர் பெயரால்தான் ஆளப்பட்டது. பின்னர் போர்த்துகல் பிரிந்து சென்றது. 1641இல் மலாக்கா டச்சுக்காரர் வசமானது. 1648இல் டச்சு நாட்டின் விடுதலையையும் ஸ்பெயின் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. நிலங்கள் கைவிட்டுப் போகும்போது ஓர் அரசரிடம் என்ன மிஞ்சும்? பெண்மக்கள் மிஞ்சுவர். 1659இல் பிரான்சோடு செய்துகொண்ட அமைதி உடன்படிக்கையின் பேரில் மூத்த மனைவியின் மகளான மரியா தெரெசா, அடுத்த ஆண்டே பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயிக்கு மணமுடித்து வைக்கப்பட்டாள். இளையவள் மார்கரீத்தா வியன்னாவுக்கு என்றாயிற்று.

அவள் அணிந்திருக்கும் அந்த அகன்ற பாவாடைக்கும் ஒரு கதை உண்டு. உள்ளே வளையங்களால் கூடு போல் கட்டி, அதன்மேல் துணியைப் போர்த்துவார்கள். ஸ்பானிய மொழியில் அதன் பெயருக்குக் ‘குழந்தைக் காப்பு’ என்று பொருள். வயிற்றில் வளரும் பிள்ளையை வெளியே தெரியாமல் மறைத்துவிடும் என்பதால் வந்த பெயர். 1639ஆம் ஆண்டில் இதே பிலிப் அரசர்தான் இவ்வுடையைப் பெண்கள் அணியக்கூடாது என்று தடை விதித்தார். விலைமாதருக்கு மட்டுமே விலக்கு. தடை நிலைக்கவில்லை. சரியாக இருபது ஆண்டுகள் கழித்து, அவருடைய எட்டு வயது மகளே அதற்குள் நின்றுகொண்டிருக்கிறாள். பிள்ளை சுமக்கும் வயிற்றை மறைக்கும் உடையைப் பிள்ளைக்கே அணிவித்திருக்கிறார்கள்!

வெலாஸ்கெஸின் கைவண்ணத்தைப் பற்றி ஒரு சொல் சொல்லியாக வேண்டும். அவருடைய ஓவியத்தை நெருங்கிப் பார்த்தால் சரிகையும் இல்லை, பட்டும் இல்லை. வெள்ளையும் சாம்பலுமாய்த் தீற்றல்கள், புள்ளிகள், இழுப்புகள் மட்டுமே. அச்சுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலே இது விளங்கும். சற்றுத் தள்ளிப் போனால், அந்தத் தீற்றல்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து வெள்ளியாய் மின்னத் தொடங்குகின்றன. முகத்தை மட்டும் அவர் அப்படித் தீட்டவில்லை. அங்கே தூரிகை மெதுவாக, மென்மையாக நகர்ந்திருக்கிறது. உடையை வியன்னாவுக்காகத் தீட்டியவர், முகத்தை அவளுக்காகத் தீட்டினாரோ என்று எனக்குத் தோன்றும். இவை அவருடைய கடைசி ஓவியங்களுள் சேர்ந்தவை. 1660ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் அவர் காலமானார்.

ஓவியத்தின் முகவரி

நீல உடை ஓவியம் மட்டுமன்று. அதற்கு முன்பும் படங்கள் போயிருக்கின்றன. ஏறக்குறைய 1654ஆம் ஆண்டைச் சேர்ந்த ஓவியத்தில், இளஞ்சிவப்பு உடையில் ஒரு கைக்குழந்தை போலவே நிற்கிறாள். மேடையில் கம்பளம் விரித்திருக்கிறார்கள். வலக்கை மேசைமேல் ஊன்றியிருக்கிறது. இடக்கையில் மூடிய விசிறி. பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில் மலர்கள். அப்போது அவளுக்கு மூன்று வயதுகூட நிறைந்ததா என்பது ஐயமே. அடுத்தது 1656ஆம் ஆண்டின் வெள்ளை உடை ஓவியம், ஐந்து வயது. அதற்கடுத்தது நாம் பார்த்த நீலம், எட்டு வயது.

ஒரே பெண். மூன்று உடைகள். மூன்று வயதுகள். பள்ளிப் பிள்ளைகளின் வளர்ச்சி அட்டையைப் போல, ‘பெண் நன்றாக வளர்ந்து வருகிறாள்’ என்று ஓர் அரண்மனை இன்னோர் அரண்மனைக்கு அனுப்பிய செய்திகள் இவை. மூன்றும் இன்று வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஓர் ஓவியம் இன்று எங்கே தொங்குகிறது என்பதே அது யாருக்காக வரையப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறது அல்லவா?

அவர் என்ன முறை?

சரி, மாப்பிள்ளை யார்? புனித ரோமப் பேரரசர் முதலாம் லியோபோல்ட். 1640இல் பிறந்தவர், பெண்ணைவிடப் பதினொரு வயது மூத்தவர். அவர் அவளுக்கு என்ன உறவு என்பதை ஐரோப்பிய நூல்கள் ஒரு பெரிய வரைபடம் போட்டு விளக்குகின்றன. நமக்கு வரைபடம் வேண்டாம். தமிழ்ப்பள்ளியில் உறவுமுறைப் பெயர்களைப் படித்தவர்களுக்கு இரண்டே நிமிடத்தில் விளங்கிவிடும்.

லியோபோல்டின் அக்காள் மரியானா. மரியானாவின் மகள் மார்கரீத்தா. ஆகவே லியோபோல்ட் அவளுக்குத் தாய்மாமன். இது ஒரு வழி. லியோபோல்டின் தாயார், நான்காம் பிலிப்பின் தங்கை. ஆகவே பிலிப் அவருக்குத் தாய்மாமன். மார்கரீத்தா மாமன் மகள். இது இன்னொரு வழி. எப்படிச் சுற்றி வந்தாலும் முறைப்பெண்தான்! இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மரியானா முதலில் பிலிப்பின் மகன் பல்தசார் கார்லோஸுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தாள். இளவரசன் 1646இல் இறந்துவிடவே, 1649இல் தந்தையே அவளை மணந்துகொண்டார். அவருக்கு வயது நாற்பத்து நான்கு, அவளுக்குப் பதினான்கு. அவள் அவருடைய சொந்தத் தங்கையின் மகள். ஆக, மார்கரீத்தா தாய்மாமனை மணந்தவளின் மகளாகப் பிறந்து, தானும் தாய்மாமனையே மணந்தவள்.

கத்தோலிக்கத் திருச்சபை இத்தகைய மணங்களைத் தடுத்திருந்தது. ஒவ்வொரு முறையும் போப்பாண்டவரின் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. அப்படியும் ஏன் செய்தார்கள்? சொத்து வெளியே போகக்கூடாது என்பதுதான் காரணம். நம்மவர் நிலத்துக்கும் நகைக்கும் சொன்ன அதே காரணத்தை ஹாப்ஸ்பர்க் குடும்பத்தார் நாடுகளுக்குச் சொன்னார்கள்.

தேசிய இடைநிலைப்பள்ளியில் என் தோழியரிடம் இந்த உறவை விளக்கப் போய், நான் பட்ட பாடு கொஞ்சமன்று. ‘பாக் சிக்’ என்ற ஒரே சொல்லில் மாமனும் சித்தப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் அடங்கிவிடுகிறார்கள். ‘பாக் சிக்கையா கல்யாணம் செய்வீர்கள்?’ என்று முகத்தைச் சுளிப்பார்கள். நம் நாட்டுச் சட்டமோ இதை நன்றாகவே புரிந்துகொண்டிருக்கிறது. 1982ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் நடப்புக்கு வந்த 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம், நெருங்கிய இரத்த உறவில் மணமுடிப்பதைத் தடை செய்கிறது. ஆனால், இந்துக்கள் தங்கள் வழக்கப்படி தாய்மாமனையோ சகோதரி மகளையோ மணப்பதற்கு மட்டும் அதில் விலக்குத் தரப்பட்டிருக்கிறது.

பாட்டியின் தீர்ப்பு

எங்கள் பாட்டி அப்படித்தான் மணமுடித்தார். 1966ஆம் ஆண்டு, பதினாறு வயது, தம் தாயின் கடைசித் தம்பியை. மார்கரீத்தா வியன்னாவில் மணமுடித்து முந்நூறு ஆண்டுகள் கழித்து!

சென்ற விடுமுறையில் மடிக்கணினியைத் திறந்து பாட்டிக்கு இந்த ஓவியத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“என்னா கண்ணு இது, இந்தப் புள்ளைக்கு மூச்சு முட்டாது?”

கதையைச் சொன்னேன். அம்மாவின் தம்பிக்குத்தான் கட்டிக் கொடுத்தார்கள் என்றதும் பாட்டிக்கு வியப்பே இல்லை.

“அக்கா மகதானே? முறைதான். அதுக்கென்னா?”

அவளுடைய அப்பா தங்கை மகளைக் கட்டிக்கொண்டவர் என்றேன். அப்போதுதான் பாட்டியின் முகம் மாறியது.

“தங்கச்சி மகளா? அது மக முறையாச்சே! ராசாவா இருந்தா என்னா வேணும்னாலும் செய்யலாமா?”

நான்காம் பிலிப்புக்கு ஐரோப்பாவில் கிடைக்காத தீர்ப்பு எங்கள் வீட்டுக் கூடத்தில் கிடைத்துவிட்டது. நான் சிரித்துவிட்டேன். பாட்டி சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், “என்னையும் இப்படித்தான் படம் புடிச்சாங்க” என்றார்.

தாத்தா அப்போது வேறொரு மாநிலத்துத் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். பாட்டியைச் சிறுபிள்ளையாகப் பார்த்ததுதான். ஆகவே, பேச்சு எழுந்ததும் படம் கேட்டு ஆள் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் படம் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பூ வேலைப்பாடுள்ள முக்காலியில் ஒரு கையை ஊன்றி, பின்னால் வரைந்த திரையில் ஏதோ ஓர் ஏரியும் மாளிகையும் தெரிய, பாட்டி நிற்கிறார். நூறு தடவை பார்த்திருக்கிறேன். அன்றுதான் அந்தக் கை எனக்குப் புதிதாகத் தெரிந்தது. இளஞ்சிவப்பு உடைக் குழந்தையின் கையும் மேசையின்மேல் அப்படித்தான் இருக்கிறது.

“பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. நிக்க வச்சாங்க. சேலகூட எதிர்வீட்டு அக்காவோடது. எதுக்குன்னு சொல்லல. வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னாங்க.”

“உங்களுக்குப் பிடிச்சிருக்கான்னு யாரும் கேக்கலையா பாட்டி?”

“அப்பல்லாம் யாரு கேப்பா? மாமா நல்லவரா இருந்தாரு. அது என் நல்ல நேரம். வேற மாதிரி இருந்திருந்தா நான் என்னா செஞ்சிருப்பேன், சொல்லு?”

தாத்தா இறந்து பல ஆண்டுகளாகின்றன. இன்றும் பாட்டிக்கு அவர் ‘மாமா’தான். மார்கரீத்தாவும் மணமான பிறகு தன் கணவரை ‘மாமா’ என்றே அழைத்து வந்தாளாம். ஐரோப்பிய எழுத்தாளர்களுக்கு அது விந்தையாகப் படுகிறது. கணவனுக்கும் தாய்மாமனுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் நமக்கு அதில் விந்தை இல்லை. ஆனால் பாட்டி கடைசியாகக் கேட்டாரே, அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வியன்னாவில் ஆறு ஆண்டுகள்

மார்கரீத்தாவின் திருமணம் 1663இல் முறைப்படி அறிவிக்கப்பட்டது. 1665 செப்டம்பரில் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டு ஏப்ரலில், மணமகன் இல்லாமலேயே மாட்ரிட்டில் பதிலாள் வைத்து மணம் முடித்து, அவளை அனுப்பி வைத்தார்கள். கடல் வழியாகவும் தரை வழியாகவும் பயணம் செய்து, டிசம்பர் மாதம்தான் வியன்னா போய்ச் சேர்ந்தாள். 1666ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் திருமணம். அவளுக்குப் பதினைந்து வயது.

லியோபோல்ட் கொடியவர் அல்லர். இசையை நேசித்தவர், தாமே இசையமைத்தவர். மனைவியை ‘கிரெட்ல்’ என்று செல்லமாக அழைத்தவர். 1668 ஜூலையில் அவளுடைய பதினேழாம் பிறந்தநாளையொட்டி, ‘பொன் ஆப்பிள்’ என்று பொருள்படும் பெயருடைய மாபெரும் இசை நாடகம், இரண்டு நாள்களாகப் பிரித்து அரங்கேற்றப்பட்டது. அதன் முடிவில், தேவதைகள் மூவர் போட்டியிட்ட அந்த ஆப்பிள் மார்கரீத்தாவுக்கே உரியது என்று தீர்ப்பாகும். அந்த விழா நடந்தபோது, அவளுடைய முதல் குழந்தையான ஆண்மகவு இறந்து ஆறு மாதங்கள் ஆகியிருந்தன.

அவள் பெற்ற பிள்ளைகள் நால்வர். மூவர் கைக்குழந்தைகளாகவே மாண்டனர். ஒருவன் பிறந்த நாளிலேயே இறந்தான். ஒருத்தி இரண்டு வாரங்கள் இருந்தாள். 1669இல் பிறந்த மரியா அந்தோனியா மட்டுமே வளர்ந்தாள். அவளும் இருபத்து மூன்று வயதில் இறந்துபோனாள். தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்குள் மணமுடித்து வந்ததன் விளைவை மரபியல் அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். மார்கரீத்தாவின் தம்பி இரண்டாம் கார்லோஸ், உடன்பிறந்த அண்ணனுக்கும் தங்கைக்கும் பிறந்த பிள்ளைக்குச் சமமான இரத்த நெருக்கம் உடையவர் என்று 2009ஆம் ஆண்டில் வெளியான ஸ்பானிய அறிஞர்களின் ஆய்வு காட்டியது. வாரிசு இல்லாமலே அவர் 1700இல் இறந்தார். எதைக் காப்பதற்காக இத்தனை மணங்களும் நடந்தனவோ, அந்த ஸ்பானிய அரச மரபு அவரோடு முடிந்தது.

இந்த இடத்தில் நின்று, ‘ஐயோ பாவம் இளவரசி’ என்று முடித்துவிடலாம். ஆனால் வரலாறு அவ்வளவு எளிதில் நம்மை விடுவதில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்த துயரத்தை அவள் யூதர்கள்மேல் பழியாக ஏற்றினாள். யூதர்களை வியன்னாவிலிருந்து வெளியேற்றும்படி கணவரைத் தூண்டியவர்களில் அவளும் ஒருத்தி. 1669, 1670ஆம் ஆண்டுகளில் அவர்கள் விரட்டப்பட்டார்கள். அவர்களுடைய வழிபாட்டு இல்லம் தேவாலயமாயிற்று. அவர்கள் வாழ்ந்த பகுதிக்குப் பேரரசரின் பெயரே சூட்டப்பட்டது. தன் வீட்டைவிட்டுத் தொலைதூரம் அனுப்பப்பட்ட பெண், ஆயிரக்கணக்கானோர் தம் வீடுகளைவிட்டுத் துரத்தப்படக் காரணமானாள். ஓவியத்தில் உள்ள சிறுமியை நினைத்து இரங்கலாம். அந்த இரக்கத்தை வைத்துப் பேரரசியின் செயலை மூடி மறைக்க முடியாது. யாரும் எதையும் கேட்காமல் வளர்க்கப்பட்ட ஒருத்தி, மற்றவரைக் கேட்க வேண்டும் என்று எங்கிருந்து கற்றிருப்பாள் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

1673இல், மீண்டும் கருவுற்றிருந்த நிலையில் அவள் இறந்தாள். அதே ஆண்டு அக்டோபரில் பேரரசர் மறுமணம் செய்துகொண்டார்.

அனுப்பப்படாத படங்கள்

வியன்னாவுக்கு அனுப்பப்படாத படங்களும் உண்டு. அவற்றுள் ஒன்று உலகப் புகழ் பெற்றது. 1656ஆம் ஆண்டில் வெலாஸ்கெஸ் தீட்டிய ‘லாஸ் மெனினாஸ்’. ‘பணிப்பெண்கள்’ என்பது அதன் பொருள். மூன்று மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். அது மாட்ரிட்டிலேயே, அரசரின் அரண்மனையிலேயே இருந்தது. இன்று அந்நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதில் ஐந்து வயது மார்கரீத்தா நடுவில் நிற்கிறாள். உடை அதே அகன்ற உடைதான். ஆனால் அவள் தனியாக இல்லை. ஒரு பணிப்பெண் மண்டியிட்டுச் சிவப்பு மண்குவளையை நீட்டுகிறாள். இன்னொருத்தி குனிந்து நிற்கிறாள். குள்ள உருவினரான மரிபார்போலா நம்மை நேராகப் பார்க்கிறார். ஒரு சிறுவன் படுத்திருக்கும் நாயைக் காலால் சீண்டுகிறான். பின்னால் படிக்கட்டில் ஒருவர் போகவா நிற்கவா என்று திரும்பிப் பார்க்கிறார். சுவரில் உள்ள கண்ணாடியில் அரசரும் அரசியும் மங்கலாகத் தெரிகிறார்கள். இடப்பக்கம், பெரிய துணிச்சட்டத்தின் முன் தூரிகையோடு வெலாஸ்கெஸே நிற்கிறார். பெற்றோர் இருக்கும் திசையை நோக்கி அவள் முகத்தைத் திருப்பியிருக்கிறாள். இது காட்டுவதற்காக நிற்கும் முகமன்று; தன் வீட்டில் இருக்கும் பிள்ளையின் முகம்.

1734ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் முந்திய நாளன்று அரண்மனை தீப்பற்றி எரிந்தது. பல ஓவியங்கள் சாம்பலாயின. இது காப்பாற்றப்பட்டது. எனினும் மார்கரீத்தாவின் இடக்கன்னம் பழுதுபட்டு, வேறோர் ஓவியரால் மீண்டும் தீட்டப்பட்டது. இன்று நாம் வியந்து பார்க்கும் அந்த முகத்தில் ஒரு பகுதி பின்னால் வந்த கையின் வேலை. 1957ஆம் ஆண்டில் பிக்காசோ இவ்வோவியத்தை வைத்துக்கொண்டு, அடுத்தடுத்துப் பல ஓவியங்களாகத் தம் பாணியில் வரைந்து தள்ளினார்.

இன்னோர் ஓவியமும் பிராடோவில் இருக்கிறது. வெலாஸ்கெஸின் மருமகன் மாசோ 1666இல் தீட்டியது. தந்தை இறந்த துக்கத்தில் கறுப்பு உடுத்தி நிற்கிறாள். நீலமும் இல்லை, வெள்ளிச் சரிகையும் இல்லை. பின்னால், தொலைவில் உள்ள அறையில், நான்கு வயதுத் தம்பி கார்லோஸ் பணியாளர் சூழ நிற்கிறான். இன்னும் சில வாரங்களிலோ மாதங்களிலோ அவள் புறப்பட வேண்டும். மாட்ரிட்டில் தங்கிவிட்ட படம் இது. அவள்தான் தங்கவில்லை.

ஒரு கேள்வி

எனக்கும் படம் கேட்டார்கள். இறுதியாண்டில் இருக்கும் பெண்பிள்ளைகள் பலருக்கும் இது புதிதன்று. நல்ல வரன் என்று யாரோ சொன்னார்கள். சேலை கட்டி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னார் அம்மா. மாப்பிள்ளை படம் எங்கே என்று கேட்டேன். “அது பிறகு வரும்” என்றார். அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் படமும் ஒரு காலத்தில் இப்படித்தான் போயிற்று. அன்று நெடுந்தூரம் பயணம் செய்த படம், இன்று புலனத்தில் ஒரு நொடியில் போய்ச் சேர்கிறது. வேறுபாடு வேகத்தில் மட்டும்தானா?

பாட்டி அன்று பேசியபோது அம்மா அதே கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். எதுவும் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து, நான் வளாகத்துக்குத் திரும்பப் பையை அடுக்கிக்கொண்டிருந்தபோது வந்து அருகில் உட்கார்ந்தார்.

“படம் அனுப்பவா, வேணாமா? நீயே சொல்லு.”

“படிப்பு முடியட்டும்மா. அப்புறம் நானும் அவரும் பேசிப் பார்த்துட்டுச் சொல்றேன்.”

“சரி” என்றார். அவ்வளவுதான். வெளியே பார்த்தால் சின்ன உரையாடல். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குப் பிறகு ஒரு பெண்ணிடம் முதன்முதலாகக் கேட்கப்பட்ட கேள்வி அது.

உறவில் மணப்பதா, வெளியில் மணப்பதா என்பதை மருத்துவமும் மனமும் சேர்ந்து முடிவு செய்யட்டும். பெற்றோர் பார்த்து வைப்பதா, பிள்ளைகளே தேடிக்கொள்வதா என்ற வழக்கும் ஒருபுறம் இருக்கட்டும். இவை அல்ல மார்கரீத்தாவின் துயரம். மூன்று வயதில் ஒரு படம், ஐந்தில் ஒரு படம், எட்டில் ஒரு படம் என்று, பேராற்றல் வாய்ந்த ஓர் ஓவியரை வைத்து அவளைப் பார்த்துப் பார்த்துத் தீட்டினார்கள். அவளுடைய சரிகையின் ஒவ்வொரு மினுமினுப்பும் பதிவாகியிருக்கிறது. அவளுடைய விருப்பம் எங்குமே பதிவாகவில்லை.

தோழியரே, தோழர்களே! நம் வீடுகளிலும் படங்கள் போகும், வரும். போகட்டும், வரட்டும். ஆனால் படத்தை அனுப்புமுன் படத்தில் இருப்பவளிடம் ஒரு சொல் கேட்போம். அந்த நீல உடைச் சிறுமி முந்நூற்று அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக, அதை யாராவது கேட்பார்களா என்றுதான் நேராக நம்மைப் பார்த்து நிற்கிறாள்.